வெடிக்காத நெருப்பு

அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை, காணிக்கைப் பாட்டின் மூன்றாம் சரணத்தைச் சபை பாடிக்கொண்டிருந்தபோது, கூரையில் ஒரு கீறல்கூட விழாமல் மேலேயிருந்து நெருப்பு இறங்கி, சுண்ணாம்புக்கரடு ஆலயத்தின் பலிபீடத்தில் குவித்து வைத்திருந்த பூசணிக்காய்களையும் கம்பங்கதிர்களையும் வாழைத்தாரையும் முட்டைக் கூடையையும் ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டு, கடைசியில் பட்டாசுப் பெட்டிக்கு வந்தது.

எங்கள் ஊரின் அறுப்பு பட்டாசுதான். கரட்டடிக் கரிசலில் மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் அதுவும் இல்லை; ஆணும் பெண்ணுமாக ஊருக்குக் கிழக்கே வரிசையாக நிற்கிற சின்னச் சின்ன ரூம்களில் உட்கார்ந்து வெடிமருந்து செலுத்தியும் திரி சொருகியும் சரம் பின்னியும்தான் வீடு கட்டினோம், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தோம், ஆலயத்துக்குத் தளம் போட்டோம். அதனால் பயராபீஸ் என்று நாங்கள் சொல்கிற பட்டாசு ஆலையை நடத்துகிற ஆமோஸ், சபையின் செயலரும் அவர்தான், ஒவ்வோர் அறுப்பின் பண்டிகைக்கும் அந்த வருஷத்தின் முதல் பட்டாசுப் பெட்டியைக் கொண்டுவந்து பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். நெருப்பு அந்தப் பெட்டியின் அட்டை மூலையைத் தொட்டதைப் பார்த்த நொடியில் நாங்கள் எல்லோரும், பாடகர் குழு உட்பட, ரூம்களில் எங்களைப் பழக்கியிருந்தபடி காதைப் பொத்திக்கொண்டு தரையில் குப்புற விழுந்தோம். பின்னால் பேராயர் அனுப்பிய விசாரணைக் குழு, அக்கினி இறங்கியதும் சபையார் யாவரும் முகங்குப்புற விழுந்து பணிந்துகொண்டார்கள் என்று அறிக்கையில் எழுதியது. நாங்கள் அதைத் திருத்தப் போகவில்லை.

சத்தம் வரவில்லை. கிடந்தபடியே காத்திருந்தோம், ஒரு பெட்டி மருந்து எவ்வளவு நேரத்தில் வெடிக்கும் என்று எங்கள் உடம்புக்கே தெரியும், அந்த நேரம் தாண்டியும் சத்தம் வரவில்லை. முதலில் தலையைத் தூக்கியவர் தேவவரம் ஐயர். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பெட்டி இருந்த இடத்தில் புகை இல்லை, சாம்பல் இல்லை, காகிதத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. கருங்கல் பலகையின்மேல் ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு மட்டும் எதையும் பற்றாமல் நின்றுகொண்டிருந்தது. கீழே விரித்திருந்த பின்னல் துணி கருகவில்லை. ஐயர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாலாவது சரணம்" என்றார். எழுந்து பாடினோம்.

மறுநாளும் அது நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து குழாயை நீட்டி அடித்ததில் ஆலயத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதும் பாட்டுப் புத்தகங்கள் ஊறிப்போனதும்தான் மிச்சம்; நெருப்பு அந்தத் தண்ணீர்த் தாரைக்குள்ளேயும் அதே முழ உயரத்தில் நின்றது. வெடிமருந்துக் கிட்டங்கிக்கு இவ்வளவு பக்கத்தில் திறந்த நெருப்பு இருக்கக் கூடாது என்று ஓர் அதிகாரி வந்து ஐயருக்கு எச்சரிக்கை கொடுத்தார், ஐயர் விரலால் மேலே காட்டி, "வச்சவர்கிட்டத்தான் சொல்லணும்" என்றார், அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். சிட்டுக்குருவிகள் அதற்குள் புகுந்து வெளியே வந்தன. யார் கையிலிருந்தோ தவறி அதற்குள் விழுந்த பாட்டுப் புத்தகம் முன்னைவிட நன்றாகக் காய்ந்து வெளியே வந்தது. அதிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டோம்: தவறி விழுந்ததை அது எடுக்காது, கொடுத்ததை எடுக்கும்.

கொடுத்தபோதெல்லாம் எடுத்தது. முருங்கைக்காய்க் கட்டு, ஈன்ற பசுவின் முதல் பால், புதுச் சேலையின் முந்தானைத் துணுக்கு என்று தொடங்கி, பிறகு ஜனங்கள் வேறு வேறு சாமான்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒருத்தி புருஷனின் சாராயத் தம்ளரை வைத்தாள். பங்காளி வீட்டின்மேல் எறிவதற்காக எடுத்து வைத்திருந்த கல்லை ஒருவன் வைத்தான். ஒவ்வொன்றும் எரிந்தபோது ஆலயத்தில் ஒரு வாசனை வந்தது. பொருளின் வாசனை அல்ல, கொண்டுவந்தவரின் வீட்டு வாசனை, அந்த வீட்டுத் தலையணையின், அந்த வீட்டுக் குழந்தையின் உச்சந்தலையின் வாசனை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள்கூட, இது மேலத்தெரு, இது தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து வீடு என்று சொல்லிவிடலாம்.

கழிவு மருந்துதான் எங்களைப் பயராபீஸில் அதிகமாகப் பயமுறுத்துவது. செலுத்தி மிச்சமானதும் சிந்தியதும் கலவை தப்பியதும் சேர்ந்து கிடக்கும், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டினாலும் என்றைக்காவது யாருடைய விரலையாவது எடுத்துவிடும். ஒருநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்த பெண்கள் நாலைந்து பேர் ஈரச் சாக்கில் அதை முடிந்து எடுத்துக்கொண்டு ஐயரிடம் வந்து, இதை வைக்கலாமா என்று கேட்டார்கள். குப்பையைக் கடவுளுக்குப் படைப்பதா என்று கமிட்டியில் இரண்டு பேர் கோபப்பட்டார்கள். ஐயர் அந்தப் பெண்களைப் பார்த்து, "உங்ககிட்ட இருக்கிறதுல உங்களை ரொம்பப் பயமுறுத்துறது எது?" என்று கேட்டார். அவர்கள் சாக்கைக் காட்டினார்கள். "அப்போ வைங்க" என்றார். வாசனை மட்டும் கொஞ்சம் கந்தகமாக வந்தது.

புதன்கிழமை வேதபாடத்தில் ஐயர் நெருப்பைப் பற்றியே பேசினார். பழைய நாளில் பலிபீடத்து நெருப்பை மனுஷன் மூட்டவில்லை, கர்த்தரே அனுப்பினார், விறகு போட்டு அணையாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆசாரியனுக்கு வேலை. வேறு இடத்திலிருந்து நெருப்பெடுத்து வந்த ஆசாரியனுடைய மகன்கள் இரண்டு பேர் அங்கேயே செத்தார்கள். முட்செடியில் நின்ற நெருப்பு செடியைத் தின்னவில்லை. தீர்க்கதரிசியின் உதட்டில் பட்ட தணல் அவனைப் பொசுக்காமல் சுத்தமாக்கியது. அப்போது பின்வரிசையிலிருந்து தபால்காரர் யோனத்தான் எழுந்து, "எல்லாம் சரிதான் ஐயா, சிலுவையில ஒரே பலியா எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க? முடிஞ்ச பிறகு இது எதுக்கு வந்திருக்கு?" என்று கேட்டார்.

"அதுதான் எனக்கும் பிடிபடல" என்றார் ஐயர். "ஏதோ ஒண்ணு இங்க முடியாம கிடக்குதோ என்னமோ."

இத்தனைக்கும் எப்சிபாள் மட்டும் நெருப்பைப் பார்க்க வரவில்லை.

எப்சிபாள் ஆமோஸின் கூடப்பிறந்த அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடை மத்தியானம் ஆமோஸின் பயராபீஸில் ஒரு ரூம் வெடித்ததில் ஐந்து பெண்கள் போனார்கள், அதில் ஒருத்தி எப்சிபாளின் ஒரே மகள் லீதியாள். மற்ற நான்கு பேரும் அங்கேயே முடிந்துவிட, லீதியாளை மட்டும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வாழை இலையில் கிடத்தி, பேச்சில்லாமலே சில நாள் உயிர் வைத்திருந்தார்கள், எப்சிபாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விசாரித்தவர்கள், லீதியாள் மருந்துத் தட்டைத் தரையில் இழுத்ததால் உராய்ந்து தீப்பிடித்தது, வேலை செய்தவரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அப்படிச் சொன்னவர் ஆமோஸ். அன்றிலிருந்து மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் எப்சிபாளைக் கண்டால் எதிர்ச்சாரியில் நடந்தார்கள். அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறு, வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், ஆண்டவர் நம்மைப் பொன்னைப்போல நெருப்பில் போட்டுப் புடமிடுகிறார் என்று பேசிக்கொண்டிருந்தபோது எப்சிபாள் எழுந்து வெளியே போனவள்தான், ஆலயத்துக்கும் வருவதில்லை, பயராபீஸுக்கும் போவதில்லை, களையெடுக்கவும் நூறுநாள் வேலைக்கும் போய் அவள் பாட்டுக்கு இருந்தாள். ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரே ஆமோஸின் ரூம்களில் உட்கார்ந்திருந்தது.

அந்த ஆமோஸ் ஒரு ஞாயிறு நல்ல கிடா ஒன்றைக் கொண்டுவந்தார். கொம்பில் எண்ணெய் தடவி, கழுத்தில் மாலை போட்டுக் கூட்டிவந்து, முறைப்படி அறுத்துப் பலிபீடத்தின்மேல் வைத்தார், நெருப்பு குனிந்து அதை எடுத்துக்கொண்டது, ஆலயம் முழுக்க மருந்து நெடி பரவியது. எங்கள் எல்லோர் வீட்டிலும் கொஞ்சம் அந்த நெடி உண்டு என்பதால் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. ஆமோஸ் மட்டும் முழங்காலில் விழுந்து, கண்ணீர் தாடியில் ஒழுக, "ஏத்துக்கிட்டார், என்னை ஏத்துக்கிட்டார்" என்று சத்தமாகச் சொன்னார். உள்ளதைச் சொன்னால் எங்களுக்கும் பாரம் இறங்கினதுபோல்தான் இருந்தது. அவரை ஏற்றுக்கொண்டால் அவர் சம்பளத்தில் சாப்பிடுகிற எங்களையும் ஏற்றுக்கொண்டதாகத்தானே கணக்கு?

இது எப்சிபாளின் காதுக்குப் போனது. அடுத்த ஞாயிறு முதலாம் வேதபாடம் வாசிக்கும்போது, களையெடுக்கப் போகிற பழஞ்சேலையோடும் செருப்பில்லாத காலோடும் நடுவழியில் நடந்து நேரே பலிபீடத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எப்சிபா அம்மா, வாங்க, உக்காருங்க" என்றார் ஐயர்.

"உக்கார வரல ஐயா. இது யாருன்னு பாக்க வந்தேன்."

யாரும் தடுப்பதற்குள் வலது கையை முழங்கை வரைக்கும் நெருப்புக்குள் விட்டாள். பெண்கள் பக்கம் ஒரு அலறல் எழுந்து அடங்கியது. நெருப்பு என்ன செய்யும் என்று அந்த ஊரில் அவளைவிடத் தெரிந்தவர் இல்லை, தோலுக்கு என்ன ஆகும், அதற்கடுத்த நாள் என்ன ஆகும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தாடை தளர்ந்தது. உள்ளே விரல்களை விரித்தாள், மடக்கினாள், புதுத் தவிட்டுக்குள் கைவிட்டுத் துழாவுகிறவளைப்போலத் துழாவினாள்.

"சுடல" என்றாள். "கொஞ்சங்கூடச் சுடல."

யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள்.

"எதுக்கு ஸ்தோத்திரம்?" என்று திரும்பிக் கேட்டவள், கையை எடுக்காமலே நெருப்பைப் பார்த்துப் பேசினாள். "சுடாம இருக்க உனக்குத் தெரியுதுல்ல? பெட்டி மருந்தைச் சத்தமில்லாமத் திங்கத் தெரியுதுல்ல? குருவி வந்துபோனா விட்டுறத் தெரியுதுல்ல? அன்னைக்கு மத்தியானம் நீ எங்க போயிருந்த? அஞ்சு புள்ளைங்க அங்க உக்காந்திருந்துச்சே, அப்ப எங்க போயிருந்த?"

நெருப்பு அதே முழ உயரத்தில் நின்றது. கேட்டவளுக்குப் பதில் வராததால் நாங்கள் எல்லோரும் ஐயரைப் பார்த்தோம். அவர் அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரியலம்மா" என்றார். "எனக்குத் தெரியல."

எப்சிபாள் கையை வெளியே எடுத்துச் சேலையில் துடைத்தாள். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஒருத்தர் உண்மையைச் சொல்லியிருக்காக" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி, வெளியே போவாள் என்று நாங்கள் நினைத்திருக்க, கடைசிப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள். ஆராதனை முடியும் வரைக்கும் இருந்தாள்.

அதற்கப்புறம் நெருப்பில் கைவைப்பது வழக்கமாகிவிட்டது. எப்சிபாளுக்குச் சுடவில்லை என்றால் நமக்கும் சுடாது என்று முதலில் அவசரக்காரர்கள், பிறகு பயந்தவர்கள், பிறகு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் என்று வரிசை நின்றது. மூட்டுவலிக்காரர்கள் முட்டியை நீட்டினார்கள். கலியாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் கையைக் கோத்து உள்ளே வைத்து எடுத்தார்கள். யாருக்கும் ஒரு கொப்புளம் இல்லை. கை வைக்காத ஒரே ஆள் ஆமோஸ் என்பது தெரிந்துவிடவே கொஞ்சக் காலம் ஆனது, தெரிந்த பிறகு யாரும் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். அவர் அந்தக் கையால் காணிக்கைத் தட்டை ஏந்தி வரும்போது பார்த்தோம், சம்பளம் கொடுக்கும்போது பார்த்தோம். அவர் கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

ஐயர் ஒரு ஞாயிறு எலியாவைப் பற்றிப் பிரசங்கித்தார். அவன் கேட்டபோது வானத்திலிருந்து நெருப்பு விழுந்ததைச் சொன்னார். அதற்கடுத்த அதிகாரத்தில் அதே எலியா உயிருக்குப் பயந்து குகைக்குள் கிடந்தபோது, முன்னால் நெருப்பு வந்ததையும் அந்த நெருப்பில் கர்த்தர் இல்லாததையும் சொன்னார். "நான் வேலைக்கு வந்த நாளா முதல் அதிகாரத்தையே பிரசங்கம் பண்ணிட்டு இருந்திருக்கேன்" என்றார். "ரெண்டாவதை எப்சிபா அம்மாதான் எனக்கு வாசிச்சுக் காட்டினாங்க." அவ்வளவுதான் பிரசங்கம். எல்லோரும் ஆச்சரியப்படும்படி சீக்கிரம் வீட்டுக்குப் போனோம்.

அந்த வாரத்தில் ஆமோஸ் இன்னொரு கிடாவைப் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்கு வந்தார். ஐயர் தனியாகப் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஐயரே எங்களிடம் சொன்னதுதான் இது.

"ஞாயித்துக்கிழமைக்கு இதை வச்சிரணும் ஐயா."

"முதல் கிடாவைத்தான் எடுத்துக்கிட்டுதே செயலரே."

"இருக்கட்டும். இன்னொண்ணு."

"நீங்க ஏன் கையை வைக்கல?"

"ஆடே வச்சவன் கை வேற வைக்கணுமா?" என்று ஆமோஸ் சிரிக்கப் பார்த்தார்.

ஐயர் துணியைப் பிழிந்து உதறிக் காயப்போட்டார். "பழைய நாள்ல ஆட்டை மட்டும் அனுப்பிவிட முடியாது. கொண்டுவந்தவன் அது தலைமேல கையை அழுத்தி வச்சு நிக்கணும். அப்பத்தான் அது அவனுக்காகச் சாகுது. தெரியாமத்தான் கேக்கேன், அன்னைக்கு நீங்க அது தலையில எதை வச்சு அனுப்பினீங்க?"

ஆமோஸ் கிடாவின் கயிற்றைக் கையில் சுற்றி இறுக்கினார். "பலிபீடத்துக்கு வந்த பிறகு, நம்ம மேல ஒருத்தருக்கு மனத்தாங்கல் இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அப்படியே போட்டுட்டு அவங்ககிட்ட போகச் சொல்லியிருக்கு" என்றார் ஐயர். "நான் சொல்லல. இயேசு சொன்னது."

கிடாவின் கயிற்றைப் பெஞ்சுக் காலில் கட்டிவிட்டு ஆமோஸ் வெளியே போனார். உச்சி வெயிலில் தலையில் துண்டுகூட இல்லாமல் அவர் தெற்குத் தெருவுக்குள் போவதை வேலை விட்டுச் சாப்பிட வந்த எல்லோரும் பார்த்தார்கள். அவர் மூன்று வருஷமாக அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை.

எப்சிபாள் வாசலில் உட்கார்ந்து களைவெட்டிக்குப் பிடி மாற்றிக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

"எக்கா" என்றார்.

அவள் பிடியைத் தட்டி இறுக்கினாள்.

"எக்கா, லீதியா தட்டை இழுக்கல."

அவள் கை நின்றது.

"அன்னைக்கு மருந்து வெயில்ல காஞ்சு வந்திருந்துச்சு. அவதான் முதல்ல தொட்டுப் பாத்துட்டு, மாமா, தட்டு சுடுது, வெயில் தாழட்டும், சாயங்காலம் செலுத்திக்கிடுதோம்னா. லாரி நிக்குது, பேசாமச் செலுத்துன்னேன். அந்த ரூம்ல நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது. அஞ்சாவதா அவளை உக்கார வச்சதும் நாந்தான். எனக்குத் தெரியும்க்கா. சுடுற மருந்து என்ன பண்ணும்னு அவளைவிட எனக்குத் தெரியும். சொல்லிட்டு வெளிய வந்து வேப்பமரம் வரைக்குந்தான் நடந்திருப்பேன்." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்பறம் விசாரிக்க வந்தவங்க கேட்டாங்க. ஆஸ்பத்திரியில அவளுக்குப் பேச்சில்ல. தட்டை இழுத்தான்னு சொல்லிட்டேன்."

களைவெட்டி எப்சிபாளின் மடியில் கிடந்தது. அவள் அதை எடுத்து ஓங்கியிருந்தாலும் ஆமோஸ் நகர்ந்திருக்க மாட்டார் என்றுதான் எதிர்வீட்டிலிருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். அவள் அதை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"இதை எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா?" என்றாள். "எம் புள்ளையாலதான் அவங்க புள்ளைங்க செத்துச்சுன்னு நாலு வீட்டுல சொல்லிட்டு இருக்காங்க. அவங்க புள்ளைங்க கல்லறைக்குப் பூ வைக்கும்போது எம் புள்ளை கல்லறையைத் தாண்டிப் போறாங்க. அங்க போய்ச் சொல்லு."

"சொன்னா ஆபீஸைப் பூட்டிருவாங்கக்கா. ஊரே பட்டினி கிடக்கும்."

"ஊருக்காகவா நீ இத்தனை நாள் சொல்லாம இருந்த?"

ஆமோஸ் யோசித்தார். "இல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் எழுந்து, அந்த நான்கு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்பி, அக்காவிடம் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னார். கட்டி வைத்திருந்த கிடாவை அவர் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பலிபீடத்துக்கு நடந்து, மணிக்கட்டு வரைக்கும் வலது கையை நெருப்புக்குள் வைத்தார்.

எரிந்தது. எங்கள் எல்லோரையும் சும்மா விட்ட நெருப்பு அந்தக் கையைப் பற்றிப் பிடித்து எரித்தது. அவர் அலறினார், ஆனால் கையை இழுக்கவில்லை. நாங்கள்தான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தோம். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, பெண்ணைப் பறிகொடுத்த நால்வரில் ஒருத்தி, "தள்ளிட்டார்! ஆண்டவர் உன்னைத் தள்ளிட்டார்!" என்று மாரில் அறைந்துகொண்டு கத்தினாள். நியாயம் என்றுதான் எங்களுக்கும் பட்டது.

எப்சிபாள் அதற்குள் ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு வந்து தம்பியின் கையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரோ மாவு கொண்டு ஓடிவந்தார்கள். "எதையும் பூசாதீங்க" என்று அதட்டினாள். "தண்ணி. நிறுத்தாமத் தண்ணி. மோதிரத்தைக் கழட்டுங்க, வீங்கிரும்." ஊற்றிக்கொண்டே, கத்தியவளைப் பார்த்துச் சொன்னாள்:

"தள்ளிட்டாரா? இந்தக் கல்லுமேல வச்சதுல எதை அது தள்ளிவிட்டுச்சு? ஏத்துக்கிட்டதைத்தானே இதுவரைக்கும் எரிச்சுது? நம்ம கையைத்தான் வேண்டாம்னு விட்டுது. நாமெல்லாம் கையை விட்டுப் பாத்தோம், என் கையும் அப்பிடித்தான். இவன் கையைக் குடுத்தான்."

ஐயர்தான் முதலில் பலிபீடத்தைப் பார்த்தவர். கருங்கல் பலகை வெறுமையாக இருந்தது, பின்னல் துணி வெள்ளையாக இருந்தது, ஒரு குருவி அதன்மேல் வந்து உட்கார்ந்து, நெருப்பு இருந்த இடத்தைக் கொத்திப் பார்த்தது.

போலீஸ் வந்தது, ரூம்கள் சீல் வைக்கப்பட்டன. அந்த வருஷம் ஊர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பாதிப் பேர் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போனார்கள், போகும்போது சிலர் ஆமோஸ் வீட்டுச் சுவரில் காறித் துப்பிவிட்டுப் போனார்கள், சிலர் எப்சிபாளையும் திட்டினார்கள், அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று. பேராயரின் குழு, அது அந்நிய அக்கினி என்று தீர்மானிக்க இயலவில்லை, தெய்வீக அக்கினி என்று தீர்மானிக்கவும் இயலவில்லை என்று எழுதி முடித்தது. ஆனால் அந்த நான்கு வீட்டுத் தாய்மார்களும், ஒரே நாளில் இல்லை, தனித்தனியாக, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி எப்சிபாளின் வாசலுக்கு வந்தார்கள். வந்து என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள். கத்தியவள் மட்டும், "உங்க புள்ளை முதல்லயே தொட்டுப் பாத்துச் சொல்லியிருக்கு" என்றாள். எப்சிபாள் பாயை விரித்து உட்காரச் சொன்னாள்.

ஆமோஸ் பெரியாஸ்பத்திரியின் தீக்காய வார்டில், வாசலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டிருக்க, கையைத் தொங்கவிட்டுக் கட்டிய கட்டோடு கிடந்தார். விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் அவருடைய மனைவி இருப்பார், மத்தியானத்துக்கு எப்சிபாள் தூக்குவாளியோடு பஸ் ஏறி வந்துவிடுவாள். அந்த வார்டு அவளுக்குப் புதிது இல்லை. ஜன்னலோரக் கட்டிலைப் பார்க்காமல் கடந்து வந்து, தம்பியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் வைப்பாள். இரண்டு பேரும் அதிகமாகப் பேசிக்கொள்வதில்லை.

ஒருநாள் ஆமோஸ், "என்னை மன்னிச்சிட்டியாக்கா?" என்று கேட்டார்.

எப்சிபாள் வாளிக்குள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியல" என்றாள். ஓர் உருண்டையை உருட்டி எடுத்து, "அன்னைக்கு அவ வேற என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"சொன்னேனேக்கா. தட்டு சுடுதுன்னு."

"அதுக்கப்பறம். நீ அதட்டின பிறகு. அவ சும்மா இருக்கிறவ இல்லையே."

ஆமோஸ் கண்ணை மூடிக்கொண்டார். எப்சிபாள் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நான் வெளிய வரும்போது மத்த புள்ளைங்ககிட்டச் சொன்னா" என்றார். "எங்க அம்மா இன்னைக்கு கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கா, எல்லாரும் சாப்பிட வாங்க, மாமாவுக்கு மட்டும் ஒரு துண்டுகூடக் கிடையாதுன்னா. அஞ்சும் சிரிச்சுது. நடந்து வந்துட்டே இருந்தேன், சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்டுட்டே இருந்துச்சு."

எப்சிபாளின் உதடு கோணியது. முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகு அது வேறாக மாறியது, சோற்றுக் கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பிடித்தான் சொல்லுவா" என்றாள். "அவ அப்பிடித்தான்."

உருண்டையை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"வாயைத் திற. தின்னுட்டு இன்னொருக்கச் சொல்லு."